அக்கொன்காகுவா: பையப் பைய ஓர் ஏற்றம்

நாள் 1, மெந்தோசா (அர்ஜென்டினா), 750 மீட்டர்

விடுதி அறையில் கட்டில், நாற்காலி, தரை என்று எங்கே பார்த்தாலும் சாமான்கள். காலையில் தலைமை வழிகாட்டி அறை அறையாக வந்து, பையில் இருப்பதையெல்லாம் வெளியே கொட்டச் சொன்னார். மெந்தோசாக்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்மணி. இரட்டை பூட்ஸின் உள்ளே கையை விட்டுப் பார்த்தார், பனியில் வழுக்காமலிருக்கப் பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டமான கிராம்பானை என் பூட்ஸில் தானே மாட்டி உதறிப் பார்த்தார். இரண்டு சட்டைகளையும் ஒரு தடிப் புத்தகத்தையும் எடுத்துத் தனியே வைத்தார். "கீழே இது எடை இல்லை. 6000 மீட்டரில் எடை" என்றார்.

நாங்கள் ஒன்பது பேர், வழிகாட்டிகள் மூன்று பேர். குழுவில் இன்னொரு தமிழர் இருக்கிறார் என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன். வயது 54, என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். கை குலுக்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே நான் அவருக்குத் தம்பி, அவர் எனக்கு அண்ணன்.

ஏறப்போகும் அக்கொன்காகுவா மலையின் உயரம் 6961 மீட்டர். ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயரமான மலை உலகில் இல்லை. வடமேற்குப் பக்கமாகப் போகும் 'நார்மல் ரூட்'டில் கயிறு கட்டிப் பாறை ஏற வேண்டிய இடம் கிடையாது. அதனாலேயே "நடந்தே போய்விடலாம்" என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இங்கே சோதனை பாறை அல்ல, காற்று. அடிக்கிற காற்றும், மூச்சுக்குக் கிடைக்காத காற்றும்.

நாள் 2, பெனிதெந்தெஸ், 2580 மீட்டர்

ஏழாம் எண் நெடுஞ்சாலையில் சிலி எல்லையை நோக்கி நாலு மணி நேரப் பயணம். திராட்சைத் தோட்டங்கள் முடிந்ததும் மலைகள் சிவப்பு, பழுப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக நிறம் மாறிக்கொண்டே வந்தன. மரம் என்று ஒன்றுகூட இல்லை.

மாலையில் சாமான்களை எடை போட்டோம். ஒரு கோவேறு கழுதை சுமப்பது 60 கிலோ, பக்கத்துக்கு 30. இரண்டு பக்கமும் சமமாக இல்லையென்றால் கழுதையின் முதுகு புண்ணாகிவிடும் என்பதால், கழுதைக்காரர் ஒருவர் ஒரு ஜோடிக் காலுறைகூட இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாறும்வரை விடவில்லை. அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பக்கத்திலேயே புவெந்தே தெல் இங்கா. ஆற்றின்மேல் இயற்கையாக அமைந்த பாலம், வெந்நீர் ஊற்றின் தாதுக்கள் படிந்து மஞ்சளாக இருக்கிறது. 1835இல் சார்லஸ் டார்வின் இதைப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து சற்றுத் தூரத்தில், இந்த மலையில் இறந்த மலையேறிகளுக்கான சிறு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சிலுவைகளில் பழைய பூட்ஸும் பனிக்கோடாரியும் தொங்குகின்றன. வழிகாட்டி எங்களை அங்கே கூட்டிப்போனார், எதுவும் பேசவில்லை. பத்து நிமிடம் நின்றோம், திரும்பினோம்.

நாள் 3, கொன்ஃபுளுவென்சியா, 3400 மீட்டர்

ஓர்கோனெஸ் நுழைவாயிலில் வனக்காவலர் அனுமதிச் சீட்டைப் பார்த்து, ஆளுக்கொரு குப்பைப் பை கொடுத்தார். பையில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை என் சீட்டிலும் எழுதினார். திரும்பும்போது குப்பையோடு பையைக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் அபராதம்.

சிறு ஏரி ஒன்றைத் தாண்டியதும் பள்ளத்தாக்கின் கடைசியில் மலை முழுசாகத் தெரிந்தது. நான் நினைத்ததைவிட அகலம். உச்சியில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

வழிகாட்டி முன்னால் நடந்த வேகத்தைப் பார்த்து எங்களில் இளையவர்கள் பொறுமை இழந்தார்கள். கோயில் பிராகாரத்தில் அடிப் பிரதட்சிணம் செய்வதுபோல, ஒரு காலின் குதியை மற்ற காலின் விரல் நுனிக்குச் சற்றே முன்னால் வைத்துப் போனார். மூன்றே மணி நேரத்தில் முடிக்கக்கூடிய நடைக்கு நாலரை மணி நேரம். "தெஸ்பாசியோ" என்றார் திரும்பத் திரும்ப. மெதுவாக என்று பொருள். அண்ணன் உடனே, "நம்ம ஊர்ல 'பைய'ன்னு சொல்லுவாங்க" என்றார். வழிகாட்டிக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. அதன்பின் நாள் முழுக்க, "பைய, பைய!"

நாள் 4, தெற்குச் சுவர்

பிளாஸா ஃபிரான்சியா நோக்கி 4000 மீட்டருக்கு மேல் ஏறி, சாப்பிட்டு, அதே முகாமுக்குத் தூங்க இறங்கினோம். பகலில் உயரம் போ, இரவில் தாழ்ந்து தூங்கு. உடம்பைப் பழக்கும் வித்தை அவ்வளவுதான்.

எதிரே மலையின் தெற்குச் சுவர். கிட்டத்தட்ட 3000 மீட்டர் செங்குத்தாகப் பாறையும் தொங்கும் பனியும். 1954இல் ஒரு பிரெஞ்சுக் குழு இதன் வழியாக ஏறியது. ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது மேலே எங்கோ பனி சரிந்தது. முதலில் வெள்ளைப் புகைதான் தெரிந்தது, சத்தம் பிறகுதான் வந்தது. யாரும் வாயை அசைக்கவில்லை.

மாலையில் முகாம் மருத்துவர் எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் தேறினோம். அண்ணனின் ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

நாள் 5, பிளாஸா தே முலாஸ், 4300 மீட்டர்

ஒன்பது மணி நேரம் நடந்தோம். பெரும்பகுதி பிளாயா அஞ்சா என்ற அகன்ற வறண்ட ஆற்றுப்படுகை. எதிர்க்காற்று, புழுதி. கடைசியில் 'கூயெஸ்தா பிராவா' என்ற செங்குத்து ஏற்றம். முதல் தடவையாக, பத்து அடிக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருந்தது. வழியில் எங்களைத் தாண்டிப்போன கழுதைகளின் மணிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்று இவ்வளவு போதும், விரல்கள் மரத்திருக்கின்றன.

நாள் 6, அதே முகாம்

நல்ல வெயில், ஓய்வு நாள். முகாம் ஒரு சிற்றூர் போல இருக்கிறது. நூற்றுக்கணக்கான கூடாரங்கள், சமையல் கூடம், மருத்துவர், வனக்காவலர், பணம் கொடுத்தால் வைஃபை. இதை எழுதி அனுப்புவதும் அதனால்தான்.

மருத்துவர் என் விரலில் கருவியை மாட்டினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் 87 சதவீதம். சமவெளியில் இந்த எண் வந்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடும், இங்கே அது சாதாரணம். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதிக் காற்றுதான் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறையை ஈடுகட்ட, மூச்சின் வேகமும் ரத்தமும் மாறவேண்டும். அதற்கு நாட்கள் வேண்டும், அவசரப்படுத்த முடியாது.

அண்ணனுக்கு ரத்த அழுத்தம் 165/100. மேலே போக அனுமதி இல்லை, இரண்டு நாள் கழித்து வாருங்கள், உப்பைக் குறையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணன் கூடாரத்துக்குத் திரும்பி வந்து, பூட்ஸின் நாடாவைக் கழற்றிக்கொண்டே வெகுநேரம் பேசவில்லை. எட்டு வருடமாகக் காசு சேர்த்துவைத்து வந்திருக்கிறார்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல தம்பி. பையத் தின்னா பனையையும் தின்னலாம்னு எங்க ஆச்சி சொல்லும். பாப்போம்."

நாள் 8, செர்ரோ பொனெத்தே, 5000 மீட்டர்

நேற்று எழுதவில்லை, தூங்கினேன், சாப்பிட்டேன், அவ்வளவே. இன்று எதிரில் இருக்கும் பொனெத்தே மலைக்கு ஏறி இறங்கினோம். அண்ணன் முகாமிலேயே இருந்தார்.

வழியில் ஒரு சரிவு முழுக்கப் பனி முனைகள், ஆள் உயரத்துக்கு நட்டுக்குத்தாக, வரிசை வரிசையாக. பெனிதெந்தே என்பார்கள். ஸ்பெயினில் பாவத்துக்கு வருந்தி வெள்ளைக் குல்லாய் போட்டு ஊர்வலம் போகிறவர்களைப் போல் இருப்பதால் அந்தப் பெயர். வறண்ட காற்றிலும் கடும் வெயிலிலும் பனி நீராகாமல் நேராக ஆவியாகப் போகும்போது, குழிகளில் வெயில் குவிந்து அவை ஆழமாகிக்கொண்டே போக, இடையில் மிஞ்சுவது இந்த முனைகள். ஒன்றின் அருகே உட்கார்ந்து பார்த்தேன். விளிம்பு கத்திபோல மெல்லியது, அதனூடாக நீல வெளிச்சம் வந்தது. விரலால் தொட்டதும் நுனி மணலைப்போல உதிர்ந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் கூடார வாசலில் நின்று கையை ஆட்டினார். 140/88. அனுமதி கிடைத்துவிட்டது. எனக்கே மூச்சு வந்ததுபோல் இருந்தது.

நாள் 9 முதல் 11 வரை

ஒன்பதாம் நாள் 5050 மீட்டரில் இருக்கும் கனடா முகாமுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ சுமந்துபோய் வைத்துவிட்டு இறங்கினோம். ஏறியது நாலு மணி நேரம், கற்சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கியது ஒரு மணி நேரம். பத்தாம் நாள் உச்சியின்மேல் தொப்பி கவிழ்த்ததுபோல் ஒரு மேகம். 'வியெந்தோ பிளாங்கோ', வெள்ளைக் காற்று. பசிபிக் பக்கத்திலிருந்து வரும் காற்று மேலே பனியோடு சுழலும்போது இப்படித் தெரியும் என்றார்கள். அது இருக்கும் நாளில் யாரும் மேலே போவதில்லை.

அன்று மாலை தலைமை வழிகாட்டி 1897ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் ஒரு குழுவைக் கூட்டிவந்து முயன்றார். அவர் திரும்பத் திரும்ப ஏறியும் உயர நோயால் உச்சியை எட்ட முடியவில்லை. ஜனவரி 14 அன்று அவருடைய சுவிஸ் வழிகாட்டி மத்தியாஸ் ஸுர்பிரிக்கென் தனியாகப் போய்த் தொட்டார். உச்சியைத் தொட்டதாகப் பதிவான முதல் மனிதர் அவர்தான். அடுத்த மாதம் குழுவிலிருந்து இன்னும் இரண்டு பேர். குழுத் தலைவர் கடைசிவரை போகவே இல்லை. "பணமும் திட்டமும் அவருடையது. உடம்பு யாருக்குச் சம்மதிக்கிறது என்று மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது" என்றார்.

பதினொன்றாம் நாள் கனடா முகாமுக்கே குடிபெயர்ந்தோம். இங்கிருந்து மேலே கழிப்பறை கிடையாது. அவரவர் கழிவை அவரவர் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். முதல் நாள் கூச்சமாக இருந்தது, அப்புறம் அது வேலைகளில் ஒரு வேலை. பனி உருகிக் குடிநீராகும் மலையில் இதைவிட நியாயமான விதி இருக்க முடியாது.

நாள் 12, நிதோ தே கொந்தோரெஸ், 5550 மீட்டர்

கழுகுக் கூடு என்று பெயர். பெயருக்கேற்ற இடம், நாலு பக்கமும் மலைத்தொடர். இங்கிருந்து எழுதுவதையெல்லாம் நோட்டில் குறித்து, கீழே போய்த்தான் அனுப்ப முடியும்.

பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சுவதே பகல் முழுக்க வேலை. ஒரு பெரிய பை நிறையப் பனியைப் போட்டால் இரண்டு லிட்டர் கிடைக்கிறது. ஆளுக்கு நாலு லிட்டர் குடித்தாக வேண்டும்.

இரவில் திடுக்கிட்டு எழுந்தேன். பக்கத்தில் அண்ணனின் மூச்சு நின்றிருந்தது. எண்ணினேன், ஒன்று, இரண்டு... ஒன்பதில் பெருமூச்சு விட்டுத் தடதடவென்று நாலைந்து மூச்சு, மறுபடி நிசப்தம். உயரத்தில் தூக்கத்தில் இப்படி ஆவது இயல்பு என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும், ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

நாள் 13, அதே இடம்

காற்று. கூடாரத்தின் கம்பிகளைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களில் ஒருவருக்கு வாந்தி நிற்கவில்லை, உதவி வழிகாட்டி ஒருவர் அவரைக் கீழே கூட்டிப்போனார். எட்டு பேர்.

நாள் 14, கொலேரா, 5970 மீட்டர்

கடைசி முகாம். நாளை காற்று தணியும் என்று வானொலியில் முன்னறிவிப்பு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லேசான தலைவலி, அதை வழிகாட்டியிடம் சொன்னேன். லேசு என்று சொன்னேன். அது அப்போது உண்மைதான்.

நாள் 15

(கீழே வந்தபின் எழுதுகிறேன்.)

அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம், வெப்பம் மைனஸ் 22. ஹெட்லைட் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரிந்தது. ஒரு அடி, இரண்டு மூச்சு. ஒரு அடி, இரண்டு மூச்சு.

இடப்பக்கம் விடிந்தது. யாரோ வலப்பக்கம் கையைக் காட்டினார்கள். மேற்கே, சிலியின் மலைகளுக்கு மேல், இந்த மலையின் நிழல் விழுந்திருந்தது. கூர்மையான முக்கோணம், கருநீலம், தொடுவானம் வரை நீண்டு. வெயில் ஏற ஏற அந்த நிழல் எங்களை நோக்கிச் சுருங்கி வந்தது. நான் வாழ்க்கையில் பார்த்தவற்றில் இதுவே பெரியது.

6380 மீட்டரில் இந்திபெந்தென்சியா. சிதைந்துபோன ஒரு சிறு மரக்கூண்டு. அங்கே கிராம்பான் மாட்டினோம். அதன்பின் திராவெசியா, மலையின் குறுக்கே போகும் நீண்ட பாதை. வலப்பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் வெறும் சரிவு. அங்கேதான் என் கால் பின்னத் தொடங்கியது. கிராம்பானின் முனை மறுகாலின் துணியில் சிக்கியது, ஒரு முறை அல்ல, நாலு முறை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

6650 மீட்டரில் 'லா குவேவா', குகை போன்ற பாறை நிழல். எல்லோரும் உட்கார்ந்தோம். நான் என் கையுறையைக் காணோம் என்று தேடினேன். பையைத் திறந்தேன், பாறைக்கடியில் பார்த்தேன், பக்கத்திலிருந்தவரை எழச் சொன்னேன். தலைமை வழிகாட்டி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முன்னால் மண்டியிட்டு, என் வலது கையைத் தூக்கி எனக்கே காட்டினார். கையுறை கையில்தான் இருந்தது.

எழுந்து நிற்கச் சொன்னார். குதியும் விரலும் ஒட்ட, நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னார். மூன்றாம் நாள் நாங்கள் நடந்த அதே நடை. மூன்றாவது அடியில் சாய்ந்தேன், அவர் பிடித்துக்கொண்டார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தால் முதலில் தடுமாறுவது நடைதான். மருந்து ஊசி போட்டார். "நீங்கள் இறங்குகிறீர்கள், இப்போதே" என்றார். குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. மணி பதினொன்றரை. உச்சிக்கு இன்னும் 311 மீட்டர்.

நான் வாதாடினேன். என்ன பேசினேன் என்பது சரியாக நினைவில்லை. அண்ணன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தது நினைவிருக்கிறது.

"எறங்கு தம்பி. நான் சொல்லுதேன்லா, எறங்கு."

அவருடைய தண்ணீர்க் குப்பி உறைந்துபோயிருந்தது. என் பிளாஸ்கில் சர்க்கரை போட்ட தேநீர் முக்கால்வாசி இருந்தது. அதைக் கொடுத்தேன். வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

உதவி வழிகாட்டி என்னைச் சிறு கயிற்றால் தன்னோடு கட்டிக்கொண்டு இறங்கினார். திராவெசியாவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். கொலேராவில் நிற்கவே விடவில்லை. நிதோ வந்தபோது தலை தெளிந்துவிட்டது. ஓர் ஈரத்துணியை முகத்திலிருந்து எடுத்ததுபோல. கீழே வரவரக் காற்றே மருந்தாகிவிடுகிறது.

அங்கே இருந்தபோது, பிற்பகல் 2:20க்கு, வாக்கி-டாக்கியில் கரகரப்பு. தலைமை வழிகாட்டியின் குரல், "கும்ப்ரே." உச்சி. ஐந்து பேர், பெயர்களை வரிசையாகச் சொன்னார். மூன்றாவது பெயர் அண்ணனுடையது. உதவி வழிகாட்டி என்னைப் பார்த்தார். நான் அழுதேன். என்னை நினைத்தா, அவரை நினைத்தா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நாள் 16, பிளாஸா தே முலாஸ்

நேற்று மாலையே இங்கே வந்து, மருத்துவர் பார்த்து, ஆக்ஸிஜன் வைத்து, பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். இன்று மருத்துவர் நடக்கச் சொன்னார், கோட்டில் நேராக நடந்தேன்.

மதியம் மற்றவர்கள் வந்தார்கள். அண்ணனின் உதடுகள் வெடித்து, முகம் கறுத்து, கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. சுமையைக்கூட இறக்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"தலவலி போச்சா?"

"போச்சு அண்ணே. மேலே எப்படி இருந்தது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். கனலேத்தா என்ற கடைசிக் கற்சரிவில் ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே சறுக்கியதையும், பாதியில் தானும் திரும்பிவிடலாம் என்று நினைத்ததையும் சொன்னார். வழிகாட்டி முன்னால் நின்று "பைய, பைய" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். மேலே சமதளம், சிறு உலோகச் சிலுவை, இருபது நிமிடம். பிளாஸ்கை எடுத்து என்னிடம் கொடுத்தார், காலியாக இருந்தது.

"உச்சியில உக்காந்துதான் குடிச்சேன். சூடு இருந்துச்சு தம்பி. உன் பேரச் சொல்லிக் குடிச்சேன்."

நாள் 17, ஓர்கோனெஸ்

ஒரே நாளில் வெளியே நடந்துவிட்டோம். சாமான்களைக் கழுதைகள் சுமந்தன. காற்று ஒவ்வொரு மணி நேரமும் கனத்தது, நாங்கள் பேசவும் பாடவும் தொடங்கினோம். கொன்ஃபுளுவென்சியாவுக்குக் கீழே பாதையோரம் மஞ்சள் பூ ஒன்று. பதினாலு நாளாகப் பார்க்காத நிறம். அண்ணன் குனிந்து பார்த்தார், பறிக்கவில்லை.

வாயிலில் வனக்காவலர் சீட்டைப் பார்த்து, என் குப்பைப் பையின் எண்ணோடு ஒப்பிட்டார். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உச்சிக்குப் போனீர்களா?" என்று கேட்டார்.

"6650 வரை" என்றேன்.

தலையசைத்து, சீட்டில் முத்திரை குத்தினார். அண்ணன் அவருடைய பையோடு பின்னால் வரிசையில் நின்றார்.